மூன்றடிக் குடை

தனுஷ்கோடியில் சங்கும் சிப்பி மாலையும் விற்கிற பையன் ஒருவன் அரை மணி நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இடிந்த தேவாலயத்தின் சுவரை ஒட்டி மணலில் என் குடையைக் குத்தி நிறுத்துவேன். இருபதடி பின்னால் போய் ஒரு படம் எடுப்பேன். திரும்பி வந்து குடையைப் பிடுங்கி அடுத்த சுவருக்குக் கொண்டுபோவேன். மறுபடியும் பின்னால் நடப்பேன். கடைசியில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தாத்தா, எல்லாரும் பொண்டாட்டி பிள்ளைய நிக்க வச்சு எடுக்குறாங்க. நீங்க குடைய நிக்க வச்சு எடுக்குறீங்க?”

“அது குடை இல்லப்பா, அடிக்கோல்” என்றேன். மூன்றடி நீளமுள்ள கறுப்புக் குடை. அடிக்கு ஒரு வெள்ளை வளையமாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். மணலில் எவ்வளவு புதைந்தாலும் வளையத்துக்கு வளையம் ஓரடி மாறாது. பக்கத்தில் இருக்கிற சுவர் எத்தனை அடி என்று படத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிடலாம். பையன் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு சிப்பி மாலை வாங்கியதும் சமாதானமாகிவிட்டான்.

இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவர் சிவகாசி அண்ணாச்சி ஒருவர். லித்தோ அச்சகத்தில் டை கட்டிங் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை, இனிப்புப் பெட்டி, பட்டாசுப் பெட்டி என்று அட்டையை வெட்டி மடித்தே காலம் போனது. ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மிச்ச அட்டையில் ரயில் நிலையம், சிக்னல் கம்பம், தண்ணீர்த் தொட்டி என்று சின்னச் சின்னதாகக் கட்ட ஆரம்பித்தார். வீட்டு மாடியில் ஒரு கதவுப் பலகையைப் போட்டு அதன்மேல் ஒரு மீட்டர்கேஜ் உலகமே வைத்திருக்கிறார்.

அவருடைய கணக்கு எண்பத்தேழில் ஒன்று. வெளிநாட்டில் ரயில் மாடல் கட்டுகிறவர்கள் அதிகமாகப் பின்பற்றுவது இந்த அளவுதானாம். அதாவது நிஜத்தில் ஓரடி என்றால் மாடலில் மூன்றரை மில்லிமீட்டர். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்தது காரைக்காலில். படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். மீட்டரும் சென்டிமீட்டரும் தாய்ப்பாலோடு வந்தவை. பிறகு மாமா ஊரான விருதுநகருக்கு வந்து, தேர்வு எழுதி, வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே பார்த்தால் பழைய ஆவணமெல்லாம் அடி, கஜம், சென்ட். இரண்டுக்கும் நடுவில் வாழ்நாள் முழுவதும் பெருக்கி வகுத்துக்கொண்டிருந்தவன் நான். பிரிட்டிஷ் அடியும் பிரெஞ்சு மில்லிமீட்டரும் ஒரே வரியில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவதை அண்ணாச்சி வீட்டு மாடியில்தான் பார்த்தேன்.

இந்தக் கணக்கில் ஒரு ஆள் உயரம் என்ன தெரியுமா? ஒரு தீக்குச்சியை நடுவில் ஒடித்தால் ஏறக்குறைய ஒரு ஆள். மருந்து முக்காத குச்சியைச் சீவி, தலையும் தோளும் செதுக்கி, சேலைக்கு ஒரு வண்ணம், வேட்டிக்கு ஒரு வண்ணம் தீட்டிவிடுவார். 1920களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அந்தக் குச்சியில் மனிதர்களும் இருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் சின்ன வகுப்பிலேயே ‘லெஸோன் தெ ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. ‘பொருள் பாடம்’ என்று சொல்லலாம். வாத்தியார் ஒரு அரிக்கேன் விளக்கையோ ஒரு படியையோ மேசைமேல் வைப்பார். முதலில் பார்க்க வேண்டும். பிறகு கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். படம் வரைந்து அளவு குறிக்க வேண்டும். “அழகான விளக்கு” என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். “அழகு எங்கே இருக்கிறது, விரலால் காட்டு” என்பார். அறுபது வருஷம் கழித்து அந்தப் பாடம்தான் எனக்குக் கைகொடுக்கிறது.

ஏனென்றால் மாடல் கட்டுகிறவருக்கு அழகான படம் எதற்கும் உதவாது. நான் முதன்முதலில் தனுஷ்கோடிக்குப் போனது 2010இல், ஓய்வு பெற்ற மறுவருஷம். அப்போது சாலை கிடையாது; மணலிலும் தண்ணீரிலும் குதித்துக் குதித்துப் போகிற வேன்தான். சூரியன் மறையும் நேரத்தில் தேவாலயத்தின் வளைவுக்குள் கடல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, பிரேம் போட்டு அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு சார். ஆனா இதுல செவுரு எத்தன அடின்னு தெரியலயே. பின்பக்கம் எப்படி இருக்கும்?”

பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. நம்மில் யார்தான் பார்க்கிறோம்? கல்யாண ஆல்பத்தில்கூட வீட்டின் முன்வாசல்தான் இருக்கும், கொல்லைப்புறம் இருக்காது.

அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன். பழைய வீடு, பழைய ஆலை எதையாவது பதிவு செய்ய நினைக்கிறவர்களுக்கு உபயோகப்படும். சுவருக்கு நேர் எதிரே, நடுவில் நின்று எடுக்க வேண்டும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் மல்லாந்து விழுவது போலத் தெரியும். நாலு பக்கமும் எடுக்க வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது எடுக்கக் கூடாது. நிழல் கறுப்பாக விழுந்து பாதி விவரத்தைத் தின்றுவிடும். மேகமூட்டமான நாள் உத்தமம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் நிறம் ஏமாற்றாது. சுவர் தரையைத் தொடுகிற இடத்தைத் தனியாக எடுக்க வேண்டும். அங்கேதான் மாடல் பொய்யா மெய்யா என்பது தெரிந்துவிடும். செங்கல் சுவராக இருந்தால் எட்டாத உயரத்துக்கு வரிசையை எண்ணிக்கொள்ளலாம்.

தனுஷ்கோடியில் தேவாலயச் சுவரில் அந்த வித்தை பலிக்காது. அது பவளப்பாறைக் கல்லில் கட்டியது. ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. அங்கே குடைதான் கதி.

அண்ணாச்சி சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. “முழுசா நிக்கிற கட்டடம் வெளிய மட்டுந்தான் சார் காட்டும். இடிஞ்சதுதான் உள்ளயும் காட்டும்.” உண்மைதான். சுவர் எத்தனை அங்குல கனம், உத்தரம் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது, பூச்சு எத்தனை முறை பூசியது, எல்லாம் உடைந்த ஓரத்தில்தான் தெரியும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் அவருக்குச் சுமார் 2.6 மில்லிமீட்டர் அட்டை. எத்தனை அட்டையை ஒட்டினால் அந்தக் கனம் வரும் என்பது விரலாலேயே தெரியும் அவருக்கு.

அவர் கட்ட விரும்பியது இடிந்த தனுஷ்கோடியை இல்லை. நிற்கிற தனுஷ்கோடியை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு செழித்த ஊர் அது. சென்னை எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு போட் மெயிலில் ஏறினால், தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயில். நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று எல்லாம் இருந்தது. சிறுவனாக இருந்தபோது கொழும்பு போகிற சித்தப்பாவை வழியனுப்ப அப்பாவோடு மாயவரம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். ராத்திரியில் போட் மெயில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது இன்னும் காதில் இருக்கிறது. ரயில் கடல் வரைக்கும் போகும் என்று அப்பா சொன்னார். கடலுக்குள்ளேயே போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

1964 டிசம்பர் 22 இரவு அந்த நினைப்பு கொடூரமாகப் பலித்துவிட்டது. இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை எட்டும் முன்பே அலையில் போய்விட்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்று கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது இராமேஸ்வரம் போயிருந்ததும், அவர்களுக்கு என்ன ஆயிற்றோ என்று ஊரெல்லாம் தவித்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாம்பன் பாலத்தை 46 நாளில் சீராக்கினார்கள். பிற்பாடு டில்லி மெட்ரோவால் பேர் வாங்கிய ஸ்ரீதரன்தான் அந்த வேலையை நடத்திய இளம் என்ஜினீயர். பாலம் பிழைத்தது. ஊர் பிழைக்கவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரயில் கொண்டுவந்த செழிப்புக்கு ஐம்பது வயதுதான்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள். இப்போது காரிலேயே போய்விடலாம். அடுத்த வருஷம் நான் மறுபடி போனபோது, 2010இல் எடுத்த ஒரு சுவரைத் தேடினேன். கல் குவியல்தான் இருந்தது. என் படத்தில் மட்டும் அது நிற்கிறது, பக்கத்தில் குடையோடு. அன்றைக்குத்தான் இந்த விளையாட்டு விளையாட்டில்லை என்று உறைத்தது. பாம்பனிலும் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாகிவிட்டது. பழைய பாலத்தைச் சாலைப் பாலத்தில் நின்று தூண் தூணாக எடுத்து வைத்துவிட்டேன். நூற்றுக்கும் மேற்பட்ட கண்கள். பக்கத்தில் நின்றவர்கள் பொழுது போகாத கிழவன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஒரு முறை கோலாருக்கும் போனேன். பங்காரப்பேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் போகிற கிளைப் பாதையில் போக வேண்டும். தங்க வயல் என்கிற பெயர் மட்டும் மிச்சம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கங்கள்; 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த இடம்; மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் வடஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். சினிமா வந்த பிறகு பெயர் பரவியிருக்கிறது. நான் பார்த்தது வரிசை வரிசையான லைன் வீடுகளும், சயனைடு கலந்த மண் மேடுகளும், வேலிக்கு அப்பால் துருப்பிடித்து நிற்கிற ஷாப்ட் கோபுரங்களும்தான்.

வேலி தாண்ட அனுமதி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் குடையை நிறுத்தினால் கணக்குத் தப்பு. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். கோபுரத்தில் ஏறுகிற இரும்பு ஏணியின் படிகளை எண்ணினேன். படிக்குப் படி ஏறக்குறைய ஓரடி என்று வைத்துக்கொண்டு உயரத்தைக் குறித்தேன். பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர், சுரங்கத்தில் இருந்தவர், என்னோடு சேர்ந்து எண்ணினார். நாலைந்து தடவை தப்பவிட்டோம். பிறகு சொன்னார்: “மேல ரெண்டு சக்கரம் தெரியுதா? அது சுத்துறத பாத்துதான் வீட்ல சோறு வடிப்பாங்க. சக்கரம் சுத்துனா ஆள் மேல வரான்னு அர்த்தம்.” இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அண்ணாச்சி அந்தக் கோபுரத்தைக் கட்டியபோது சக்கரத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை. ஊசியில் கோத்து, சுற்றுகிற மாதிரி வைத்தார்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் போடி என்று ஒரு ஊர் உண்டு. நம் போடிநாயக்கனூர் இல்லை. தங்கம் எடுத்து ஓய்ந்து ஆள் இல்லாமல் போன ஊர். 1962இல் அரசுப் பூங்காவாக்கி, புதுப்பிக்காமலும் மேலும் விழவிடாமலும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே நமக்குக் குடையும் காமிராவும்தான்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

இடிந்த கட்டடத்தை நான் முதன்முதலில் அளந்தது தனுஷ்கோடியில் இல்லை. எண்பதுகளில், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தபோது, பட்டாசு ஆலை விபத்து ஒன்றுக்குத் தாசில்தாரோடு போனேன். எந்த ஆலை, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் பட்டாசு ஆலையைப் பயராபீஸ் என்பார்கள். அன்றைக்கு அங்கே ஒரு அறையின் கூரை முழுவதும் போயிருந்தது. இரண்டு சுவர் இடுப்பளவு நின்றது. அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, வாசல் எந்தத் திசை, சுவர் என்ன கனம் என்று வரைபடம் போடச் சொன்னார்கள். தலையாரி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, அளவு நிலைக்கவில்லை. என் கை நடுங்கவில்லை. கண்ணில் படுவதை மட்டும் எழுது என்று பள்ளியில் பழக்கியிருந்தார்களே.

வரைபடம் சுத்தமாக வந்தது. தாசில்தார் பாராட்டினார்.

ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்று. வளாகத்து வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் தூக்குவாளிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் கொண்டுவந்த மத்தியானச் சாப்பாடு. எதிலும் கீறல்கூட இல்லை. பார்த்தேன். அளவு எடுக்கச் சொன்ன பட்டியலில் அது இல்லை, ஆகவே வரையவில்லை. எத்தனை இருந்தது என்று எண்ணவும் இல்லை. அந்தக் கோப்பு காலக்கெடு முடிந்து எப்போதோ அழிந்திருக்கும். தூக்குவாளிகள் மட்டும் போகவில்லை.

அண்ணாச்சியிடம் பல வருஷம் முன்பே ஒரு யோசனை சொன்னேன். ஊர் ஊராகப் போய் எடுத்து வருகிறேனே, நம் சீமையில் மூடிக்கிடக்கிற பழைய பட்டாசு செட் ஒன்றை எடுத்துத் தரட்டுமா என்று. “அது மட்டும் வேண்டாம் சார்” என்றார். நான் வற்புறுத்தவில்லை. போன வருஷம் ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்த வேப்பமரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அட்டையை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்க அக்காவும் பயராபீசுக்குத்தான் போனா சார்.”

எந்த வருஷம், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் நான் அளந்த இடமாகவே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இரண்டையும் தாங்குகிற தைரியம் எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “அந்த செட்ட எடுத்துக் குடுங்க சார், கட்டிப் பாப்போம்” என்றார்.

தெரிந்த ஒருவருடைய பழைய ஆலை, உரிமம் புதுப்பிக்காமல் விட்டது. அவரிடம் அனுமதி வாங்கி, அவர் ஆளும் கூட வந்து, சுத்தம் செய்த அறைகளை மட்டும் எடுத்தேன். நீங்கள் யாரும் இம்மாதிரி இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடாதீர்கள். தரை வெடிப்பிலும் மூலையிலும் மருந்து மிச்சம் இருக்கலாம். அது கிழவன், குமரன் பார்க்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. எதிரெதிராக வாசல்கள், கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை, ஓடுகிறவர்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று. நாலு பக்கமும் எடுத்தேன். குடை எல்லாப் படத்திலும் நின்றது. இந்தத் தடவை வெளியே இருந்த மரத்தையும் எடுத்தேன்.

மூன்று மாதம் அண்ணாச்சி என்னைக் கூப்பிடவில்லை. தீபாவளி கழிந்த பிறகு போன் வந்தது. மாடிக்குப் போனேன். அந்த அளவில் அறை ஏறக்குறைய ஒரு தீப்பெட்டிதான். அதைச் சுற்றி மண் தரை, வேப்பமரம். கதவுகள் எல்லாம் வெளியே விரியத் திறந்திருந்தன. குனிந்து உள்ளே பார்த்தேன். யாரும் இல்லை.

குச்சி மனிதர்கள் நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கடுகளவு தூக்குவாளி, மூடி திறந்து. கிளையில் ஒன்றுகூடத் தொங்கவில்லை.

“மணி என்ன அண்ணாச்சி?” என்றேன்.

“ஒண்ணு சார். சாப்பாட்டு நேரம்.”

எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. அண்ணாச்சி வீட்டம்மா காபி கொண்டுவந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனுஷ்கோடி நிலையத்தின் வேலை பாதியில் நிற்கிறது. பிளாட்பாரத்தின் கடல் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு எங்களிடம் படம் இல்லை. அங்கே இப்போது மணல்தான். உங்களில் யாருடைய வீட்டிலாவது, பழைய டிரங்குப் பெட்டிக்குள், 1964க்கு முன்னால் போட் மெயிலில் போனவர்கள் எடுத்த படம் இருந்தால் தெரிவியுங்கள். மங்கலாக இருந்தாலும் சரி. யாராவது ஒரு ஆள் ஓரமாக நின்றால் போதும். அவர் உயரத்தை வைத்து மீதியை நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம்.